வெங்கடசாமி வீட்டு நாற்பது விநாடி

2004 ஜூலை, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3.10.

பொம்மனஹள்ளி வீட்டின் முன்னறையில் வெங்கடசாமி மவுஸைத் தட்டினார். உள்ளறைக் கம்ப்யூட்டரிலுள்ள ஃபோல்டர் இங்கே திறக்க வேண்டும். திறக்கவில்லை. பழுது பார்க்க வந்த சங்கமித்ரா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். நாற்பது விநாடி கழித்துத் திறந்தது.

தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு இங்கே வந்து, கல்யாணப் பத்திரிகைகளுக்குத் தமிழ் டைப் அடிக்கிறவர் அவர். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இந்தத் தாமதம். அச்சகக்காரர் இந்த வாரத்தோடு கெடு வைத்துவிட்டார். அந்த வேலையும் போனால் கதவைத் தட்ட ஆளில்லை. சங்கமித்ராவுக்கு அதற்குள் இரண்டு டம்ளர் காபி கொடுத்தாயிற்று. மூன்றாவதற்குப் பால் அடுப்பில் இருந்தது.

"எப்பலேந்து சார்?"

"மே மாசத்துலேந்து. ஒங்க கடைப் பையன் நாகேஷ் வந்து பாத்தான். ஓடிச்சி. சாயங்காலமே மறுபடி படுத்துக்கிச்சி. ஒயர எலி கடிச்சிருக்குமாம்மா?"

அவள் ஒரு பெரிய ஃபைலை உள்ளறையிலிருந்து இழுத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். குற்றமற்ற அந்த ஒயரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். ஃபோல்டரை மூடித் திறந்தாள். நாற்பது விநாடி. மறுபடியும் நாற்பது. கோளாறென்றால் கூடும், குறையும். மாறாத நாற்பது என்றால் இயந்திரம் எதற்கோ காத்திருக்கிறது.

மேஜைக்கடியில் மூன்றாவது ஒயர் ஒன்று எதிலும் சேராமல் கிடந்தது.

"இது?"

"சும்மா."

3.40. நாகேஷுக்குப் போன் போட்டாள்.

"நெட்வொர்க் லிஸ்ட்ல வேற கம்ப்யூட்டருங்க பேர்ல இருந்த பழைய ஐகான் அஞ்சையும் ரீசைக்கிள் பின்ல போட்டேன் அக்கா. ஏன் சரியாச்சின்னு மட்டும் கேக்காதீங்க."

"அந்த ரீசைக்கிள் பின்னக் காலி பண்ணியா?"

"இல்ல."

பின்னில் நான்குதான் இருந்தன. ஐந்தாவது, 'மைதிலி' என்ற பெயரோடு, பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.

"மைதிலி யாரு சார்?"

வெங்கடசாமி அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். "பொண்ணு. கேக்காம கல்யாணம் கட்டிக்கினா. நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன். மே மாசம் அவ கம்ப்யூட்டர எடுத்துனு பூட்டா. ஒக்கலிபுரத்துல கீறா."

"நீங்க ஃபோல்டரத் தொறக்கறப்பல்லாம் இது அந்த மூணாவது ஒயர்ல இருந்த கம்ப்யூட்டரத் தேடுது சார். அது போனது இதுக்குத் தெரியாது. நாப்பது செகண்ட் கூப்ட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்த வேலைக்கு வருது. நாகேஷ் தூக்கிப் போட்டத யாரோ எடுத்து வெச்சிருக்காங்க. இந்த வீட்ல வேற கை இல்ல."



"பேரு இல்லாம வெறிச்சினு இருந்திச்சிம்மா. பேராவது இருக்கட்டும்னு வெச்சேன். அதான் குத்தம்னு தெரியாது."

குற்றவாளி அகப்பட்டால் சங்கமித்ராவுக்குத் தலைகால் புரியாது. இன்று கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது.

"எடுக்கறதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும் சார்."

அவரே மவுஸைப் பிடித்தார். நிச்சயமா என்று திரை கேட்டது. வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு ஆம் என்று தட்டினார். ஃபோல்டர் உடனே திறந்தது. வேலை பிழைத்தது.

அவள் பையைத் தூக்கியபோது அவர் டெலிபோனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒக்கலிபுரம் நம்பர் தரேன். மொதல்ல நீ பேசும்மா. என் கொரல் கேட்டா வெச்சிடுவா."