பின்கயிறு

கயாக் படகின் பின்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தது.

யசோதரா கரைக்கு ஒதுங்கி இறங்கி, அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட வரவில்லை. திரும்ப ஏறினாள். முன்முனை நிமிர்ந்தது, பின்முனை அமிழ்ந்தது.

"விடிய எத்தினை குழல் பிட்டு சாப்பிட்டனீர்?" என்றான் கதிராமன். உப்புவெளியில் கயாக் வாடகைக்கு விடுபவன். அன்று கயாக் ஓட்ட வந்த கூட்டத்தை அழைத்து வந்தவனும் அவன்தான்.

"பிட்டில்லை அண்ணை, பிட்டுப் பானையோடயே ஏறிட்டா," என்றாள் விதுசா. இருந்தவர்களில் அவள்தான் இளையவள்.

எல்லோரும் சிரித்தார்கள். யசோதராவும் சிரிக்கப் பார்த்தாள்.

மழையில் வயல்கள் மூழ்கத் தொடங்கியதும் விவசாயிகள் முந்தின நாள் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்த ஆறு அந்த வெட்டு வழியாகச் செம்மண் நிறத்தில், அழுகிய வைக்கோலும் சாணமும் மணக்க, முறிந்த கிளைகளை உருட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியது. அடியில் மணல் மேடாகக் கிடந்த இடத்தில் தண்ணீர் எழும்பி, நகராத ஓர் அலையாக நின்று இரைந்தது. இரண்டு மூன்று நாளைக்குத்தான் அந்த அலை இருக்கும். ஒருவர் மாறி ஒருவர் அதன் முகத்தில் கயாக்கை ஏற்றி, ஓட்டத்துக்கு எதிராகச் சறுக்கியபடி நிற்பார்கள். விழுந்தவரை மீட்பது யசோதராவின் வேலை. விழுந்தவர் அவளுடைய கயாக்கின் பின்கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் முன்னால் பார்த்தபடி கரைக்கு இழுப்பாள்.

போன வருடம் அதைப் பிடித்தவன் அவள் தம்பி ஜதுசன். பாதி வழியில் பாரம் இல்லாமல் போனது. துடுப்பு சட்டென்று இலகுவானதை அவளுடைய தோள்கள் மறக்கவில்லை. உடல் கிடைக்கவில்லை. அம்மா பத்மாசனி அந்தியேட்டிச் சடங்கு செய்ய விடவில்லை, படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. முகத்துவாரம் வெட்டியாயிற்று என்று கேள்விப்பட்டதும் சொன்னாள்:

"நீதானே அவனைக் கரைக்குக் கொண்டு வந்தனீ. பாதியில விட்டா எப்பிடி? போய்ப் பார்."

அம்மா அழவில்லை. இப்போது மணல்திட்டில் ஒரு குடைக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

யசோதரா அலைக்குக் கீழே, ஓட்டம் படாத ஒதுக்குத் தண்ணீரில் காத்திருந்தாள். இரைச்சலுக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. வாய் நிறைய நீரோடு யாரோ மூச்சு விடுவதுபோல. திரும்பினாள். பின்கயிற்று வளையம் மிதக்கவில்லை. தண்ணீருக்குள் நேர்கீழாக விறைத்து நின்றது.

"கதிராமண்ணை, எனக்கு இண்டைக்கு ஏலாது போல கிடக்கு."

"ஏலாட்டி கரையில இரும், யசோ. ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம்."

அவள் கரையைப் பார்த்தாள். குடை அசையவில்லை.

"பரவாயில்லை. நிக்கிறன்."

விதுசாவின் முறை வந்தது. அலையில் ஏறினாள், ஒரு கை தூக்கிக் கத்தினாள், கவிழ்ந்தாள். கயாக் தனியே போனது. சிவப்பு ஹெல்மெட் கடலை நோக்கிப் போனது. யசோதரா துடுப்பைப் போட்டாள். கயாக் நகர மறுத்தது. இன்னும் பலமாகப் போட்டு விதுசாவின் கிட்டப் போனாள்.

"பிடி, விது!"

"பொறுங்கோ அக்கா…"

"பிடியடி!"

"பிடிக்க இடமில்லை, அக்கா."

அலைகள் உடையும் வெள்ளைக் கோடு கிட்ட வந்திருந்தது.

"ஆரோ பிடிச்சுக்கொண்டு இருக்கினம்."

யசோதரா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"அதுக்கு மேலால பிடி. கையை விடாதை."

"குளிருது. அக்கா, குளிருது…"

இழுத்தாள். இருவரையும் இழுத்தாள். கரை கிட்ட வரவில்லை. துடுப்பு. மூச்சு. துடுப்பு. ஓட்டம் மூவரையும் வெளியே கொண்டுபோனது. விதுசா அழுவது கேட்டது. மற்றவன் அழவில்லை.

இருவரை ஏலாது. ஒருவரைத்தான் ஏலும்.

ஒரு வருடமாக அவனிடம் எத்தனையோ சொல்ல வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஜது," என்றாள். "விடடா."

பின்னால் அசைவில்லை.

"அவள் சின்னப் பிள்ளை. விடு, ராசா. அக்கா சொல்றன். விடு."

பாதிப் பாரம் போனது.

அதே இலகு. அதே தோள்கள். அவள் வாய்விட்டு அழுதாள். அழுதபடியே துடுப்பைப் போட்டாள். வெள்ளைக் கோடு விலகியது. மணல் கிட்ட வந்தது.

"பிடிச்சிருக்கிறியா, விது?"

பதில் இல்லை. பாரம் இருந்தது. போதும்.

"வந்திட்டம். வந்திட்டம் பிள்ளை."

கதிராமன் எதிரே ஓடி வந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தான். பிறகு அதற்கும் அப்பால், கடலைப் பார்த்தான்.

"விதுசா!" என்று கத்தினான். கடலை நோக்கி. "விதுசா!"

கயாக் மணலில் தட்டி நின்றது. கரையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். யாரோ விழுந்தார். விழுந்தவர் எழும்பாமல் கைகளால் பின்னுக்கு நகர்ந்தார்.

அவளுக்குப் பின்னால் ஒருவர் கால் ஊன்றினார். எழுந்து நின்றார். தண்ணீர் வடிந்தது. வடிந்துகொண்டே இருந்தது.

குடை காற்றில் உருண்டு போனது.

அம்மா மட்டும் முன்னால் வந்தாள். சேலைத் தலைப்பை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி, குளித்து வரும் பிள்ளைக்குத் தலை துவட்டப் போகிறவளைப்போல, தண்ணீருக்குள் இறங்கி வந்தாள்.