பூட்டிய வீட்டில் கொசு அடிக்கும் சத்தம்

பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ கொசு அடிக்கும் சத்தம் கேட்டது. 'பட்'டென்று, தூங்குகிற பிள்ளை முழித்துவிடாதபடி அடிக்கிற பக்குவத்தில்.

கலைமதி வாசலிலேயே நின்றுவிட்டாள். இலுப்பூர்ப் பக்கம் காய்ச்சல் கண்ட தெருக்களில் விடிந்ததும் வீடு வீடாகப் போய், சுவரில் ஒண்டியிருக்கும் கொசுக்களைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடித்து ஆய்வுக்கு அனுப்புவது அவள் வேலை. இப்போது ஏழு மாத வயிறு. முன்னால் தரித்தது எதுவும் தங்கவில்லை. இது ஒன்றுதான் நிலைத்திருக்கிறது.

"உள்ள யாரு இருக்காக்கா?"

"யாரு இருக்கா? எல்லாரும் சிங்கப்பூரு போயி வருசக்கணக்காச்சு." சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் பூட்டைத் திறந்தாள். "வயித்தத் தள்ளிக்கிட்டு கொசுப் பிடிக்க வந்திருக்கியே, ஒம் மாமியா ஒண்ணுஞ் சொல்லலையா?"

"மாசமா இருக்கவளத்தான் கொசு தேடி வருமாம்க்கா. எனக்கு அலைச்சல் மிச்சம்."

"வாயப் பாரு! சட்டுனு முடிச்சிட்டு வா. அடுப்புல ஒலை கொதிக்கிது" என்று அவள் அங்கிட்டு நடந்தாள்.

பல்லியாக இருக்கும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டே கலைமதி உள்ளே போனாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்க, உள்ளே சன்னல்கள் அடைத்த இருட்டு, பூத்துப்போன சுண்ணாம்பின் நெடி, அதற்கும் அடியில், பிள்ளை பெற்றவள் மேல் வீசுமே அந்தப் பால் வாடை. சுவர்களில் டார்ச்சை ஓடவிட்டாள். ஒரு கொசு இல்லை. கடைசி அறையில், விட்டத்துக் கொக்கியிலிருந்து பழஞ்சேலைத் தொட்டில் தொங்கியது. அத்தனை கொசுவும் அதில்தான் அப்பியிருந்தன.

ஒன்றை உறிஞ்சிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள்.

வயிறு செக்கச்செவேலென்று உப்பியிருந்தது.

இப்போதுதான் குடித்த ரத்தம். ஆளும் மாடும் இல்லாத வீட்டில், யாரைக் குடித்தது?

தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளை இல்லை. துணியெங்கும் கொசு நசுங்கிய கறைகள். ஈரமாக.

தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

பட்.

அவள் முதுகுக்குப் பின்னால்.

கொசுக்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. ரீங்காரம் காதை அடைத்தது. அவள் வயிற்றில் வந்து உட்கார்ந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. காத்திருந்தன.

வாசல் பக்கம் திரும்பினாள்.

பட்.

வலிக்கவே இல்லை. அவ்வளவு பதமாக விழுந்தது அந்த அடி. வயிற்றில், சேலை மேல் ஐந்து விரலும் சிவப்பாய்ப் பதிந்தன. ஐஸ்போலக் குளிர்ந்திருந்த உள்ளங்கை, அடித்த இடத்திலேயே இருந்தது.

எடுக்கவில்லை.

உள்ளே, பிள்ளை அந்தக் கைப்பக்கமாகப் புரண்டு படுத்தது.