பெர்கென் காத்திருந்த வேன்

ஆள் நடமாட்டமில்லாத மகதான் நெடுஞ்சாலையில் போன இலையுதிர் காலத்தில் எங்கள் வேன் பழுதாகி நின்றது. என் கணவர் நியூர்குன் உதவிக்கு ஆள் தேடி நடந்தார். என் தம்பி பெர்கென் வண்டியிலேயே இருந்தான். திடீரென்று பனிப்புயல் பிடித்துக்கொண்டது. “அரைநாள்ல திரும்பிட்டேன், அதுக்குள்ள உறைஞ்சு போயிட்டான்,” என்று சொல்லி, நியூர்குன் என் மடியில் விழுந்து அழுதார்.

இந்த வருஷம் அதே வேனைப் பழுது பார்த்து நாங்கள் இருவரும் புறப்படத் தயாரானோம். அவன் உயிர்விட்ட இடத்தில், எங்கள் வழக்கப்படி மரத்தில் துணி கட்டி, அப்பம் வைக்க வேண்டும்.

காலை பத்து மணி. இரண்டு ஸ்டெப்னி, நான்கு கேன் பெட்ரோல், உறைமீன் எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

“குன்னேய், ஊருக்கே சோறு கட்டியிருக்கியா?” என்றார் நியூர்குன், பானெட்டுக்குள் தலையை விட்டபடி.

“வழியில வண்டி நின்னா உன்னையா திங்கிறது?”

சிரித்தார்.

நான் உள்ளே ஏறிக் கம்பளிகளை அடுக்கினேன். ஈரக் கம்பளி நாற்றம் மூக்கில் ஏறியது. ஆனால் நான் அடுக்கியவை எல்லாம் வெயிலில் காய்ந்தவை.

முன்சீட்டில் கிடந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

அதன் பேட்டரி வீட்டுக்குள் சார்ஜில் இருந்தது.

“அக்கா...”

பல் கிட்டிய குரல். பெர்கென்.

“மாமா இன்னும் வரலையாக்கா? அரைநாள்ல வரேன்னாரு.”

நான் வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தேன்.

“இன்னியோட மூணு நாளாச்சு.”

வெளியே ஸ்பேனர் விழுந்தது. அவரும் கேட்டிருந்தார்.

“மூணு நாளா?” என்றேன் அவரிடம்.

நியூர்குன் தரையில் உட்கார்ந்துவிட்டார். “சாலையோர விடுதில பழைய கூட்டாளிங்க இருந்தாங்க. குளிரு... ஒரு பாட்டிலோட எழுந்துடலாம்னுதான் உட்காந்தேன்.”

“நீ கூட இருக்கேன்னு நம்பித்தானே அவனை அனுப்பினேன்.”

அவர் அன்று மாலைக்குள் துணிமணியோடு வீட்டை விட்டுப் போனார். நான் தடுக்கவில்லை.

மறுவாரம் ஒரு லாரியில் ஏறிப் போய்த் துணி கட்டி, அப்பம் வைத்து, பெர்கென் பெயரைச் சொல்லி அழுதுவிட்டு வந்தேன். அடங்கிவிடுவான் என்று நினைத்தேன்.

வேன் இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறது. பூட்டி, சாவியை ஆற்றில் எறிந்துவிட்டேன். விடியும்போது கண்ணாடிகளில் உறைபனி கனமாகப் படிந்திருக்கும்.

முன்சீட்டுப் பக்கக் கண்ணாடியில் மட்டும் தினமும் ஒரு முக அளவுக்குப் பனி துடைக்கப்பட்டிருக்கிறது.

உள்பக்கமாக.