தானாக மறையும் மறு

பால் வாங்கப் போனவர்கள்கூடத் திரும்பும்போது குருதிநோக்கி என்ற ஸ்கேனரில் முகத்தைக் காட்டினால்தான் நகருக்குள் நுழைய முடியும். தோலுக்கடியில் ரத்தம் மிகுந்திருந்தால் கதவு திறக்காது. கொள்ளைக்காய்ச்சல் காலத்து ஏற்பாடு. காய்ச்சல் ஒழிந்து ஒரு தலைமுறையாயிற்று. ஏற்பாடு மட்டும் குத்துக்கல்லாக நிற்கிறது.

பரிமளத்தின் மகள் தாமரைக்குக் கன்னத்தில் செக்கச்செவேலென்று புடைத்த ஒரு மறு. பிறந்த சில வாரத்தில் முளைத்தது. நகர வாயிலின் மருத்துவர் எழுதிக் கொடுத்த காத்திருப்பு அனுமதி இருந்ததால் காவலரே கதவைத் திறந்துவிடுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை மணி அலறும். வரிசையே திரும்பி முகத்தைச் சுளிக்கும். பரிமளத்துக்கு உயிரே போகும்.

எதிர்வீட்டுக் குழந்தைக்கும் ஒரு மறு இருந்தது. தட்டையாக, திராட்சைச் சாறு கொட்டினாற்போல. லேசரில் மங்கிப்போனது. "அவங்க செஞ்சாங்கல்ல, நமக்கு என்ன கேடு?" என்று கணவன் இளங்குமரன் நச்சரித்தான். இருவருமாகத்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லேசர்க்காரன் எதுவும் கேட்கவில்லை, சுட்டுத் தள்ளினான். சிவப்பு போயிற்று. புண் ஆறிய இடத்தில் வெளுத்த தழும்பு.

அடுத்த முறை வெளியே போய்த் திரும்பியபோது, தழும்பில் குருதிநோக்கிக்கு ரத்தமே தென்படவில்லை. முகமூடி என்று முடிவுகட்டிக் கதவை அடைத்துக்கொண்டது. நகர வாயிலின் மருத்துவர் செண்பகவல்லி வந்து கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"யாரும்மா இதைச் சுடச் சொன்னது?"

"எதிர்வீட்டுப் பாப்பாவுக்குப் போச்சே, டாக்டர்."

"அது தட்டை மறு, தானாப் போகாது. இது புடைச்ச மறு. கொஞ்ச நாள் வளரும், அப்புறம் தானாவே சுருங்கிடும். சும்மா விட்டிருந்தா பள்ளிக்கூடம் போற வயசுல அடங்கியிருக்கும். அதுக்குத்தானே அனுமதி குடுத்தோம்?"

"இப்ப அந்த அனுமதி…"

"மறையிற மறுவுக்குத்தாம்மா அனுமதி. தழும்பு மறையாது. குழந்தைக்கு இனிமே நகருக்குள்ள இடமில்ல, வெளிக்குடியிருப்புதான்."

தன் கையாலேயே பிடித்துச் சுடக் கொடுத்தோமே என்று கதறிக்கொண்டு பரிமளம் அந்தக் கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டாள். குழந்தை கூசிச் சிரித்தது.

"நீ பாப்பாவோட இரு. நான் உள்ள போய் யாரையாவது பாத்துப் பேசுறேன்," என்றான் இளங்குமரன். பார்த்துப் பேச அவனுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. அது பரிமளத்துக்கும் தெரியும்.

அவனுக்கும் அழுகை முட்டியது. ஆனால் அழுதால் முகத்தில் ரத்தம் ஏறும். ஏறினால் கதவு திறக்காது. குழாயடியில் முகத்தைக் கழுவி, நன்றாக ஆறவைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். மகளின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கதவு திறந்தது.