நாற்பத்தொன்றாவது பெயர்

மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் ஜெனீல் திரும்பவில்லை.

சீருடையைக்கூட மாற்றாமல், சாப்பாட்டு மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. வாய் ஓயாத பிள்ளை. பள்ளி விட்டு வந்தால் வாசலிலேயே பையை எறிந்துவிட்டு, பசிக்கிறது பசிக்கிறது என்று ஊரைக் கூட்டுகிறவள். இன்று தட்டில் ஜானி கேக் ரொட்டியும் உப்பு மீனும் வைத்தது வைத்தபடி ஆறிக்கொண்டிருந்தன.

"காதுல என்ன பஞ்சா?" என்றாள் அடுப்பருகே நின்ற வெர்லீன். "ஒரு தடவை மேடை ஏறினதுக்கே ராணியம்மாவுக்கு இவ்வளவு தலைக்கனமா?"

மீன் வாடை, வெங்காய வாடை, ஜன்னல் வழியே வரும் உப்பங்கழியின் சேற்று வாடை இவ்வளவுக்கும் நடுவில், வெயிலே படாத தண்ணீரின் பாசி வாடை ஒன்று மகள் இருந்த பக்கத்திலிருந்து மெல்ல மெல்லக் கிளம்பி அடுப்படி வரைக்கும் வந்தது. நாற்காலிக்குக் கீழே தரை நனைந்திருந்தது. பின்னல் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எந்தக் குழாயடியில் ஆட்டம் போட்டாளோ என்று வெர்லீன் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அவள் அந்தப் பக்கம் கால் எடுத்து வைக்கவில்லை.

அன்று பள்ளிக்கூடத்தில் நிறுவனர் நாள். அதுவும் நூறாவது. அந்தச் சின்னத் தீவில் ஆக்டேவியா நிப்ஸ் தொடக்கப்பள்ளியில் படிக்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? வெர்லீன் அங்கே படித்தவள், இப்போது அங்கேயே பாடம் நடத்துகிறவள். உப்பளத்தில் கால் வெந்து கிடந்தவர்களின் பிள்ளைகளை வீடு வீடாகப் போய் இழுத்து வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த மகராசி நிப்ஸ் டீச்சர். வருடா வருடம் அவருடைய முதல் வருகைப் பதிவேட்டிலிருந்து நாற்பது பெயர்களைக் கூப்பிடுவார்கள். எப்போதோ செத்துப்போன அந்தப் பிள்ளைகளுக்காக இன்றைய பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். அது முடிந்த கையோடு, எழுந்து நின்ற பிள்ளைகளை அவரவர் சொந்தப் பெயரில் இன்னொரு முறை கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அதற்குத் திருப்பிக் கூப்பிடுதல் என்று பெயர். எதற்காக என்று யாரும் கேட்டதில்லை.

நூற்றாண்டு மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதும் வேலை வெர்லீன் தலையில் விழுந்தது. அலமாரியைக் குடைந்து பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் பெயர்கள் நாற்பது இல்லை. நாற்பத்தொன்று. கடைசிப் பெயர் அடினா கம்ப்ஸ். அதன்மேல் அழுத்தி ஒரு கோடு.

பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் டல்சிதான் தடுத்தாள். "அந்தப் பேரை விட்டுடு வெர்லீன். நாற்பதோட நிறுத்திக்கணும்னு எங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"எதுக்காம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் துடைப்பம் பிடிக்கிறவ. நீதானே படிச்ச மேதாவி."

"ஒரு பிள்ளையை நூறு வருஷமா ஒதுக்கி வெச்சிருக்கீங்களே டல்சி, இது நியாயமா?"

"நியாயம் பேசுறியா? அவ்வளவு துணிச்சல் இருந்தா உன் பிள்ளையவே அந்தப் பேருக்கு எழுப்பி நிறுத்து, பார்க்கலாம்!"

கோபத்தில் வந்த வார்த்தை. வெர்லீன் அதை வீம்புக்கு எடுத்துக்கொண்டாள். மேடையில் கூப்பிட வேண்டிய பட்டியலில், நாற்பது பெயருக்குக் கீழே தன் கையாலேயே அடினா என்று எழுதினாள். பெயரை மகளுக்குக் கொடுத்தாள். ஜெனீலும் கணீரென்று சொன்னாள். கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு வெர்லீன் இரண்டாவது தாளை எடுத்துத் திருப்பிக் கூப்பிட்டாள். தட்டச்சு செய்து முன்பே தயாராக வைத்திருந்த தாள்.

கரண்டி கையிலிருந்து நழுவியது.

அந்தத் தாளில் நாற்பது பேர்தான். ஜெனீலின் பெயர் இல்லை.

வெர்லீன் அடுப்பை அணைத்தாள். சே, படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் வாய் கேட்கவில்லை. மெதுவாக, காற்றுக்கே கேட்காத மாதிரி, "அடினா" என்றாள்.

பிள்ளை உடனே எழுந்து நின்றது.

"உள்ளேன் டீச்சர்."

முகம் ஜெனீலின் முகம்தான். கன்னத்து மச்சம்கூட இருந்தது. விரல்கள் மட்டும் வெளுத்து, சுருங்கி, பல நாள் தண்ணீரில் ஊறியவையாக இருந்தன.

வெர்லீன் பதிவேட்டின் நகலை எடுத்தாள். எத்தனையோ தடவை படித்த பக்கம். நிப்ஸ் டீச்சரின் சீரான கையெழுத்து. 'அடினா கம்ப்ஸ், பொய் சொன்னதற்காகத் தொட்டியில்.' தொட்டியைக் கழுவச் சொல்லித் தண்டனை கொடுத்திருக்கிறார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதற்குக் கீழே, அதே நாளில்: 'புயல் வருகிறது. நாற்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.' அதன் பிறகு ஒன்பது நாள். கூரை பறந்து பள்ளிக்கூடமே நடக்காத ஒன்பது நாள். நாற்பது பெயர்களுக்கு எதிரே வெற்றிடம். அடினாவுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் வருகைக் குறி. பத்தாம் நாள் அந்தக் கோடு. பேனா முள் தாளையே கிழித்திருந்தது.

மலரில் வெர்லீன் என்ன எழுதியிருந்தாள்? 'இக்குடும்பம் வேறு தீவுக்குக் குடிபெயர்ந்திருக்கலாம்.'

பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். உப்பங்கழியில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை மீனைத் தொட்டது போலச் சில்லிட்டது. விடவும் பயம், பிடிக்கவும் பயம். சொந்தப் பெயரில் கூப்பிட்டால் போதும், அதே கூடத்தில் நின்று கூப்பிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கூடத்தில் காகிதத் தோரணங்கள் இன்னும் தொங்கின. நாற்காலிகள் கலைந்து கிடந்தன. சுவரில் நிப்ஸ் டீச்சரின் படம்.

வெர்லீன் மேடையேறினாள்.

"ஜெனீல் ரோம்னி!"

பக்கத்தில் நின்ற பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

"உள்ளேன் டீச்சர்."

தரைக்கு அடியிலிருந்து.

ஆறு குளம் இல்லாத ஊர் அது. ஒவ்வொரு கட்டடத்தின் அடியிலும் கூரைத் தண்ணீரைச் சேமிக்கும் தொட்டி உண்டு. பள்ளியின் தொட்டி இந்தக் கூடத்துக்கு நேர் கீழே. வெர்லீன் பின் வராந்தாவுக்கு ஓடினாள். இரும்பு மூடி. துருப்பிடித்த தாழ்ப்பாள். நகம் பெயர இழுத்துத் திறந்தாள். பாசி வாடை முகத்தில் அடித்தது.

"ஜெனீல்!"

"உள்ளேன் டீச்சர்."

"அம்மாடி, எங்கடி இருக்கே? ஏணிப் பக்கம் வா! அம்மா கூப்பிடுறேன்ல!"

"உள்ளேன் டீச்சர்."

அதே சொல். அதே ராகம். பள்ளிக்கூடத்துக்குள்ளே அம்மா என்று கூப்பிடக் கூடாது, எல்லாப் பிள்ளைகளையும் போல டீச்சர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அடித்துச் சொல்லி வளர்த்தவள் வெர்லீன்தான். மூன்றாவது பதில் இன்னும் தள்ளி, இன்னும் மெலிந்து கேட்டது.

யோசிக்கவில்லை. இறங்கினாள்.

இரும்புப் படிகள் வழுக்கின. மழை பெய்து நான்கு மாதமாகியும் தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. குளிர்ந்த, கனத்த தண்ணீர். இருட்டில் கைகளைத் துழாவினாள். சுவர். பாசி. சுவர். பிறகு ஒரு சின்ன உடம்பு. துணி. பின்னல். சூடான மூச்சு. மகள்தான். மகளேதான். வாரி அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

மேலே சதுரமாக மிச்ச வெளிச்சம். அதில் ஜெனீலின் முகம் எட்டிப் பார்த்தது.

"எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு டீச்சர்," என்றது. "நானும் போறேன்."

"வேண்டாம்! இரு! இரு கண்ணு!"

மூடி விழுந்தது. தாழ்ப்பாள் இழுபட்டது.

இருட்டு.

தலைக்கு மேலே சின்னக் காலடிகள். ஓடின. துள்ளி ஓடின. கேட் கிறீச்சிட்டது. பிறகு அதுவும் இல்லை.

வெர்லீன் படியேறி மூடியை முட்டினாள். தோளால் முட்டினாள். தலையால் முட்டினாள். கத்தினாள். டல்சியைக் கூப்பிட்டாள். கடவுளைக் கூப்பிட்டாள். நூற்றாண்டு கொண்டாடிய களைப்பில் ஊர் வீடுகளுக்குள் அடங்கியிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். தகரக் கூரையில் ஒரு துளி. இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. சுவரோரக் குழாய் இருமியது. கரகரத்தது. தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

தொடை.

இடுப்பு.

"டீச்சர்," என்று காதோரம் ஒரு குரல் நடுங்கியது. "இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடு கண்ணு. கூப்பிடுடா."

"அம்மா."

வெர்லீன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். தண்ணீர் மார்புக்கு வந்தபோது எக்கி நின்றாள். மேலே கான்கிரீட்டில் பிள்ளையின் தலை இடித்தது. குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.