இரண்டாவது சுவர்

நவம்பர் மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. ஏணியின் மேல்படியில் நின்று நெரிஸ் பரணுக்குள் டார்ச் அடித்தாள்.

நேற்று ஆணியடித்த தரைப்பலகை மறுபடி பெயர்ந்து கிடந்தது. புதுச் சுவரை ஒட்டிய பலகை.

"திரும்பவுமா?" கீழே ஏணியைப் பிடித்திருந்த கணவன் ஹூவல் கேட்டான். "மரம் ஈரம் குடிச்சிருக்கும்."

"ஆணியும் குடிச்சிருக்கா?"

ஹூவல் சுத்தியலை மேலே நீட்டினான்.

பரணில் கட்டும் அந்த அறை மகள் லோவ்ரிக்கு. பன்னிரண்டு வயதாகியும் தம்பியோடு ஒரே அறையில் படுக்கிறாள். தனி அறை தருகிறோம் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. கையில் காசு சேரும்போது கொஞ்சம் வேலை, தீர்ந்ததும் நிறுத்தம்.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரே மூச்சில் கட்டிய வரிசை வீடுகள் அவை. வீடுகளுக்கிடையே சுவர் வைத்தவர்கள் அதைப் பரணுக்குள் எழுப்பவில்லை. முதல் வீட்டில் ஏறினால் கூரைக்கடியில் குனிந்தபடியே கடைசி வீடு வரை போய்விடலாம். தீ தாண்டாமலிருக்க இரு பக்கமும் சுவர் எழுப்பினால்தான் அறை கட்ட அனுமதி. போன வருடம் ஒரு சுவருக்குத்தான் வசதிப்பட்டது. இரண்டாவதைப் போன மாதம் ஒரு சாயங்காலம் கட்டி முடித்தார்கள்.

அதிலிருந்துதான் பலகை பெயர்கிறது. பூச்சு காய மறுக்கிறது. பரணில் நனைந்த நிலக்கரி வாசனை. அந்த வீட்டில் நிலக்கரி எரித்து எத்தனையோ காலமாயிற்று.

மறுநாள் நெரிஸ் கொல்லைப்புறத்தில் துணி எடுக்கும்போது, பக்கத்து வீட்டு மேவிஸ் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ரொம்ப நன்றி, கண்ணு. இப்பல்லாம் நிம்மதியாத் தூங்கறேன்."

"எதுக்கு நன்றி?"

"முன்னெல்லாம் பொழுது சாஞ்சா என் தலைக்கு மேல நடந்து, உங்க வீட்டைத் தாண்டிக் கடைசி வீட்டுக்குப் போகும். அந்தப் பக்கம் சுவர் வெச்சீங்க. அதுவரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சு. இப்ப இந்தப் பக்கமும் வெச்சுட்டீங்க. சத்தமே இல்ல."

"எது போகும்?"

"யாரு கேட்டா? டிவி சத்தத்தைக் கூட்டிக்குவோம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கார்டிஃப் பட்டணத்துக்காரங்க. சொன்னா சிரிப்பீங்க."

சாயங்காலம் சுவரை அடைத்தபோது அது உள்ளேயே மாட்டிக்கொண்டது, இடித்துவிடலாம் என்று நெரிஸ் சொன்னபோது ஹூவல் சிரிக்கத்தான் செய்தான். பிறகு கோபப்பட்டான். "அந்தக் கிழவி சொன்னான்னு கட்டின சுவரை இடிக்கணுமா? நாளைக்குத் தச்சன் வரான். பரணுக்கு மாடிப்படி வெச்சிட்டா வேலை முடிஞ்சுது."

மாடிப்படி வந்தது. ஏணியைக் கழற்றி எறிந்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். சனிக்கிழமை லோவ்ரி தன் மெத்தையைத் தானே இழுத்துக்கொண்டு ஏறினாள். ஹூவல் சின்னவனைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு, வறுத்த மீன் வாங்கக் கடைக்குப் போனான். நெரிஸ் அடுப்படியில் தட்டுகளை எடுத்துவைத்தாள்.

பின்னால் லோவ்ரி நின்றிருந்தாள். கையில் போர்வை.

"எனக்குத் தம்பி ரூமே போதும்மா."

"என்ன பேசற? உனக்காக எவ்வளவு பாடுபட்டோம்!"

"அது சுவரைத் தடவிக்கிட்டே சுத்துது." அவள் குரல் தாழ்ந்தது. "இப்ப படியைக் கண்டுபிடிச்சிடுச்சு."

மேலே ஒரு படி முனகியது.

நெரிஸ் மகளை அடுப்படியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஏறினாள். முதல் மாடி நடையில் விளக்கெரிந்தது. எதிரே புதுப் படிக்கட்டு. அதில் யாருமில்லை.

அடுத்த படி முனகியது.

அதற்கடுத்தது.

கனத்த காலடி. அவசரமில்லாத காலடி. வேலை முடிந்து வருகிறவனுடையது.

நனைந்த கரியின் வாசனை நடையை நிறைத்தது.

படிக்கட்டோரம் வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. நாலு விரல் அகலம். நடைக்கு வந்து திரும்பியது. மெல்ல நகர்ந்தது.

சின்னவன் தூங்கும் அறையின் கதவருகே நின்றது.

கதவின் பிடி கறுத்தது.

 பயத்துக்கு முன்னால் நெரிஸுக்கு ஏறியது, இரண்டு வருட ஆத்திரம்.

"சுவரை இடிச்சிடறேன்," என்றாள். "ரெண்டையும். இன்னிக்கே. நீ போயிடுவியா?"