பதில் விசில்

மலைக்குடிலின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எழுத்தாளருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. காலை பதினோரு மணி. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய் பிசாசைப் பற்றி யாரும் நினைக்கிற வேளையே இல்லை அது.

தான் ஏறாத மலைகளைப் பற்றி நான்கு புத்தகம் எழுதியவள் அவள். மலையேறிகள் வாயால் சொல்வார்கள், இவள் கையால் எழுதுவாள், அட்டையில் அவர்கள் பெயர் இருக்கும். பனிச்சரிவில் உருண்டவன், காட்டில் பதினொரு நாள் வழி தெரியாமல் அலைந்தவன், எல்லோருடைய மரண பயத்தையும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? மூன்று மணி நேர ஏற்றத்திலேயே அவள் முட்டி இரண்டும் தனித்தனியாக அழுதன.

"உள்ள வந்து உக்காருங்க மேடம். இதுக்கு மேல ஏத்தம் இல்ல," என்றான் நெட்டை.

ஐந்தாவது புத்தகம் அவனுடையது. உயரத்தினால் வந்த பெயர் அது. மலையேறும் ஆட்கள் நடுவில் வேறு பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன் அவனும் அவன் தம்பியும் சிகரத்திலிருந்து இறங்கி வந்தார்கள். பனிச்சரிவைத் தாண்டியதும், இனிமேல் நடைபாதைதானே என்று கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். மூடுபனி வந்தது. அண்ணன் இந்தக் குடிலுக்கு வந்து சேர்ந்தான். தம்பி வந்து சேரவில்லை. மறுநாள் கண்டெடுத்தபோது இங்கிருந்து இருநூறு அடி தூரத்தில் குளிரில் விறைத்துச் செத்திருந்தான்.

புத்தகம் முடிந்தாகிவிட்டது, இந்தக் கடைசி அத்தியாயம் தவிர. அதில் ஒரு வரியை நெட்டை மூன்று தடவை அழுத்திச் சொல்லி எழுத வைத்திருந்தான்: ‘அன்று எனக்கு எந்த விசில் சத்தமும் கேட்கவில்லை.’

அந்த வரிதான் அவளை இவ்வளவு தூரம் ஏற வைத்தது. அதற்குக் காரணம் அவனுடைய அம்மா.

புத்தகத்துக்குப் படங்கள் வாங்க வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சமையலறை ஜன்னல் ஓரத்தில் ஆணியில் ஓர் ஆரஞ்சு நிற விசில் தொங்கியது. "மூணு வாங்கினேன்மா. புள்ளைங்களுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. வீட்டுக்குப் பின்னால காட்டுப்பக்கம் விளையாடப் போவானுங்க. ஆறு ஊதினா, ‘அம்மா, எங்க இருக்கே’ன்னு அர்த்தம். நான் மூணு ஊதுவேன், வர்றேண்டா, அங்கயே நில்லுங்கன்னு." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நீ புஸ்தகம் எழுதற பொண்ணு. உனக்குத் தெரியும். சின்னவன் கூப்பிட்டானா? அது மட்டும் சொல்லு. வேற எதுவும் வேணாம் எனக்கு."

பெத்த மனம் பித்து. எழுத்தாளர் தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

குடில் ஒரே அறை. பலகைக் கட்டில்கள், ஒரு இரும்பு அடுப்பு, ஈரக் கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில். கதவோரம் ஆணியில் ஒரு தகர விசில், அதற்கு மேல் பெயின்ட் உதிர்ந்த பலகை. அவள் நோட்டில் பெயரை எழுதிவிட்டுப் பலகையைப் படித்தாள்.

‘கூப்பிட: ஒரு நிமிடத்தில் ஆறு விசில். ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதில்: மூன்று விசில். பதில் கேட்டவர் இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பதில் கொடுத்தவர் போயே ஆக வேண்டும்.’

நெட்டை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. வந்ததிலிருந்து பலகைக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தான்.

குடில் காவலர் டீ கொடுத்தார். தாடியும் சளிப்பிடித்த குரலுமாக இருந்த அந்த மனுஷன் நெட்டையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பின்பக்கம் விறகு எடுக்கக் கிளம்பினார். எழுத்தாளரும் தன் நோட்டுப்புத்தகத்தோடு பின்னாலேயே போனாள்.

"நீங்கதான கண்டுபிடிச்சீங்க?"

"ஆமா. அன்னிக்கு நான் காய்ச்சல்னு கீழ போயிருந்தேன். குடில்ல அண்ணங்காரன் மட்டும்தான். காலையில நான் ஏறி வர்றேன், பையன் அந்தப் பாறைக்கிட்ட உக்காந்திருக்கான்." கையை நீட்டிக் காட்டினார். "காலு கைல அடி கிடையாது. விசில் வாயில இருக்கு. பக்கத்துலயே வழிக்கம்பம், கை நீட்டினா எட்டும். ஒவ்வொரு கம்பமா தடவித் தடவி வந்திருந்தா குடிலுக்கு வந்திருப்பான்."

"அப்புறம் ஏன் வரல?"

காவலர் விறகை அடுக்கி முடித்தார்.

"பதில் கேக்காதவன் உக்கார மாட்டான்மா."

அன்றைக்குக் குடிலில் இருந்தது ஒரே ஆள்.

காவலர் ஓடையில் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு இறங்கிப் போனார். அவள் உள்ளே வந்தாள். கேட்டே விடுவது என்றுதான் வந்தாள். ஆனால் ஜன்னல் வெளுத்துக்கொண்டு வந்தது. முதலில் சிகரம் காணாமல் போனது, பிறகு பாறை, பிறகு வழிக்கம்பங்கள் ஒவ்வொன்றாக. கடைசியில் வாசற்படிகூட இல்லை. பகல் பன்னிரண்டரை மணிக்கு அறைக்குள் பாலாடை படிந்த மாதிரி ஒரு வெளிச்சம்.

"மூடுபனிதான். ஒரு மணி நேரத்துல போயிடும்," என்றான் நெட்டை. ஜன்னலுக்கும் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது கேட்டது.

ஒன்று.

மெல்லிசாக, ரொம்பத் தூரத்தில்.

இரண்டு. மூன்று. நான்கு.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள்.

ஐந்து. ஆறு.

"சார், யாரோ கூப்பிடறாங்க!"

"இல்ல. காத்து," என்றான் நெட்டை.

"காத்து எண்ணிக்கிட்டா ஊதும்?"

ஒரு நிமிடம் நிசப்தம். அவள் கைக்கடிகார முள் ஒரு சுற்று சுற்றி வந்ததும் மறுபடியும் ஆறு. இந்தத் தடவை பாறைப் பக்கத்திலிருந்து.

காவலர்தான் வழி தவறிவிட்டார் என்று அவள் நினைத்தாள். அப்படித்தான் யாருமே நினைப்பார்கள். ஆபத்தில் ஒரு ஆள் கூப்பிடும்போது பொறுமையாக உட்கார்ந்து யோசிக்கவா தோன்றும்? ஆணியிலிருந்து விசிலை எடுத்தாள், கதவைத் திறந்தாள், பலகையில் எழுதியிருந்தபடியே மூன்று தடவை ஊதினாள்.

"ஊதாதீங்க!" நெட்டை பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டான். விசில் உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

வெளியே சத்தம் சட்டென்று நின்றது.

பதில் கேட்டுவிட்டது. இனி நகர மாட்டான்.

நெட்டை சுவரோடு சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நானும் இப்படித்தான் மேடம். அன்னிக்கு ஆறு கேட்டுது. மூணு குடுத்தேன். ஷூ போட்டேன். கதவத் திறந்தேன். ஒண்ணுமே தெரியல. கால் வைக்கற இடம் தரையா பள்ளமான்னு தெரியல. கொஞ்சம் விலகட்டும், அப்புறம் போலாம்னு மூடினேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கொஞ்ச நேரம்னு விடிஞ்சுபோச்சு." முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "நான் பதிலே குடுக்காம இருந்திருந்தா அவன் நடந்து வந்திருப்பான். என்னை நம்பி உக்காந்துட்டான்."

அவளுக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. பாவி, கூடப் பிறந்தவனை இருநூறு அடிக்காக விட்டுவிட்டாயே என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. நேரே கதவுக்குப் போனாள். தானாவது போவோம் என்றுதான் போனாள்.

கதவுக்கு வெளியே உலகமே இல்லை. ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தாள். பாதம் தெரியவில்லை. குளிர் கணுக்காலைப் பிடித்தது.

பனிக்குள் மிகப் பக்கத்தில் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

உதவி வந்துவிட்டது என்று தெரிந்தவன் விடுகிற மூச்சு.

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கதவை மூடினாள்.

பனி விலக முக்கால் மணி நேரம் ஆனது. காவலர் குடத்தோடு ஓடை வழியில் ஏறி வந்தார். பாறைக்கிட்டே யாருமில்லை.

"யாரு ஊதினது?" என்றார். "பதில் மூணு கேட்டுது. கூப்பிட்ட ஆறு எனக்குக் கேக்கல."

அவள் பாறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"போனீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காவலர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் கிடந்த விசிலை எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

"ரெண்டாவது தடவ," என்றார். அதற்குப் பிறகு அவளோடும் அவர் பேசவில்லை.

இறங்குகிற வழியெல்லாம் நெட்டை ஒரே ஒரு தடவைதான் பேசினான். "உண்மையவே எழுதிடுங்க மேடம். அம்மாவுக்கு நீங்களே படிச்சுக் காட்டுங்க. எனக்குத் தைரியம் இல்ல."

அவள் எழுதினாள். நெட்டை கதவை மூடியதை எழுதினாள். தான் மூடியதை எழுதவில்லை. அது அவனுடைய புத்தகம்தானே, என் கதை எதற்கு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் அந்த அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். அந்த அம்மா அழவில்லை, பெரியவனைத் திட்டவும் இல்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பதில் கேட்டதும் உக்காந்துட்டானா?"

"ஆமாம்மா."

"சொன்ன பேச்சக் கேக்கற புள்ள," என்றாள் அந்த அம்மா. "நான்தான் சொல்லிக் குடுத்தேன். அங்கயே நில்லுன்னு." ஜன்னலோர விசிலை எடுத்து முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம். எழுத்தாளர் தன் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். போன் அடித்தது.

"நான்தாம்மா." அந்த அம்மாவின் குரலில் சின்னப் பெண்ணின் சந்தோஷம். "ஆறு கேட்டுது. நல்லா எண்ணினேன். பின்பக்கத்துலருந்துதான் வருது."

"அம்மா, பதில் குடுத்திடாதீங்க!"

"குடுத்துட்டேனே. செருப்பு போட்டுக்கிட்டிருக்கேன்."

"போகாதீங்கம்மா! நான் சொல்றதக் கேளுங்க, கதவ மூடுங்க!"

"நல்லா இருக்கே நீ சொல்றது. பதில் குடுத்தா போகணும்மா. நீதான படிச்சுக் காட்டின?"

போனைக் கீழே வைக்கிற சத்தம். துண்டிக்கவில்லை. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகியது. சிமென்ட் தரையில் செருப்புச் சத்தம், சரக், சரக், அவசரமில்லாமல்.

பிறகு அந்தச் சத்தம் மாறியது.

உறைபனியை மிதிக்கிற சத்தம்.

அவளுக்கு அது தெரியும். நான்கு புத்தகத்தில் எழுதியிருக்கிறாள். நொறுக், நொறுக் என்று தூரம் போய்க்கொண்டே இருந்தது. அந்த ஊரில் அன்றைக்கும் இதே வெயில்தான். அவள் போனில் "அம்மா, அம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். யாரோ ஒரு வாலிபன் சிரிக்கிற மாதிரி இருந்தது, பிறகு காற்று மட்டும்.

அவள் அழுதுகொண்டே கேட்டபடி இருந்தாள். துண்டிக்க மனம் வரவில்லை.

அப்போது விசில் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு விசில்கள் சேர்ந்து. நான்கு, ஐந்து, ஆறு.

ஒரு நிமிடம் நிசப்தம்.

மறுபடி ஆறு. இந்தத் தடவை போனிலிருந்து இல்லை. மாடிப்படிக்குக் கீழேயிருந்து.

காயப்போட்ட துணிகளுக்கு அப்பால் தெரு வெளுத்துக்கொண்டு வந்தது. எதிர் வீடு இல்லை. தெருவிளக்குக் கம்பம் இல்லை. அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பதில் கொடுக்கக் கூடாது, செத்தாலும் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்களும் பதில் கேட்டு ஊதவில்லை. அவள் பதிலை அன்றைக்கே மலைக்குடிலில் கொடுத்துவிட்டாள். போக வேண்டியதுதான் பாக்கி.